பானையில் மிஞ்சிய ஒரு பிடி உளுந்து

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாவது வரை படித்தவள். ரேஷன் கார்டுக்கு எழுதிய விண்ணப்பங்களும், மகள் விடுதியில் தங்கிப் படித்தபோது அவளுக்குப் போட்ட நாலைந்து கடிதங்களும் தவிர வேறு எதையும் நான் எழுதியதில்லை. நாலு பேர் கூடின இடத்தில் வாயைத் திறந்து பேசவும் எனக்கு வராது. அப்படிப்பட்டவள் இத்தனை பக்கம் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான்.

ஆனால் எழுதாமல் விட முடியாதபடி என் நாத்தனார் செய்துவிட்டார். அவர் என் கணவருக்கு மூத்தவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். நாங்கள் இருவரும் மலைக்குப் போய்வந்த கதையை அவர் போகிற கல்யாணத்தில், காதுகுத்தில் எல்லாம் சொல்கிறார். சொல்லச் சொல்ல அது வளர்கிறது. போன மாதம் ஒரு வளைகாப்பில் சொன்னபோது அதில் ஒரு புலி வந்துவிட்டது. புலி எதுவும் வரவில்லை. நடந்தது அதைவிடச் சின்ன விஷயம். நான் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதி வைத்துவிட்டால் போதும் என்று தோன்றியது.

நைனார்பாளையத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு முக்கால் ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. வருஷா வருஷம் உளுந்துதான் போடுவோம். விதையைக் கடையில் வாங்குவதில்லை. அறுத்ததில் நல்லதாகப் பார்த்து என் கணவரே எடுத்து வைப்பார். அந்த வருஷமும் ஐந்து படி எடுத்து, அடுப்புச் சாம்பலைப் புரட்டி, மண்பானையில் கொட்டி, வாயைச் சாணியும் மண்ணும் குழைத்து மூடினார். சாம்பல் புரட்டினால் வண்டு வராது. மூடின ஈரத்தில் அவருடைய நான்கு விரல்களின் தடம் பதிந்து, அப்படியே காய்ந்து போயிருந்தது.

பங்குனியில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. நான்காம் நாள் இறந்துபோனார். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் தன் கையால் கட்டிவைத்த விதை வீட்டில் இருக்கும்போது இறந்துவிட்டால், அந்த விதையை இன்னொரு கை தொட்டு விதைக்கக் கூடாது. கல்வராயன் மலைமேல் படியளந்தாள் கோவில் இருக்கிறது. தை மாதத்தில் ஜனங்கள் முதல் கதிரைக் கொண்டுபோய்க் கட்டுகிற கோவில் அதுதான். விதைப்பதற்கு முன் அதை அங்கே கொண்டுபோய் அளந்து காட்ட வேண்டும். முதல் நாள் வீட்டில் சாட்சி வைத்து அளக்க வேண்டும். மறுநாள் அதே படியால் அங்கே அளப்பார்கள். வீட்டில் அளந்ததும் அங்கே அளப்பதும் ஒன்றாக இருந்தால், இறந்தவர் நிலத்தை விட்டுக்கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். குறைந்தால் இன்னும் அவர் பிடி விடவில்லை. அந்த வருஷம் நிலம் தரிசாகக் கிடக்க வேண்டும். அடுத்த ஆடியில்தான் மறுபடி போகலாம்.

இதையெல்லாம் நம்புகிறாயா என்று என் மகள் கேட்டாள். என்ன சொல்வது? எங்கள் ஊர் டிராக்டர்காரர் அளந்து வராத நிலத்தில் ஏர் இறக்க மாட்டார். களை எடுக்க வருகிற பெண்களும் வரமாட்டார்கள். நான் நம்பினாலும் நம்பாவிட்டாலும் அவர்கள் நம்பினார்கள்.

மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். மூன்றாவது மாடியில் வீடு, நல்ல மாப்பிள்ளை. அப்பா போன நாளிலிருந்து, "தனியா இன்னாத்துக்குமா அங்க இருக்க, வந்துடு" என்று தினமும் போன் செய்தாள். உழவு இருக்கிறது, விதைப்பு இருக்கிறது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். "சரி, இந்த வருஷம் வெதச்சா இரு. வெதைக்கலன்னா ஆடி முடியறதுக்குள்ள வந்து கூட்டினு வந்துடுவேன்" என்று கடைசியில் முடிவாகச் சொல்லிவிட்டாள். அவள்மேல் தப்பு இல்லை. ஆனால் எனக்குப் போக மனமில்லை. அந்த மாடியில் ஒரு முறை பத்து நாள் இருந்திருக்கிறேன். காலையில் எழுந்து எந்தப் பக்கம் நடப்பது என்றே தெரியவில்லை.

ஆக, அந்த ஐந்து படி உளுந்து சரியாக இருந்தால் நான் என் வீட்டில் இருக்கலாம். குறைந்தால் பெட்டியைக் கட்ட வேண்டும்.

ஆடி பிறந்த இரண்டாம் நாள் அண்ணி சின்னசேலத்திலிருந்து வந்தார். அவர்தான் சாட்சி. விரல் தடம் இருந்த மூடியை நான் உடைக்கத் தயங்கி நின்றேன். அவர் என்னைத் தள்ளிவிட்டு அரிவாள் மூக்கால் ஒரு தட்டுத் தட்டி உடைத்தார். உடைத்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

பாயில் கொட்டி அளந்தோம். முதல் படியை ஒன்று என்று சொல்லக் கூடாது, லாபம் என்றுதான் சொல்ல வேண்டும். "லாபம்... ரெண்டு... மூணு..." என்று அண்ணி சொல்லிக்கொண்டே போனார். ஐந்தாவது படி தலை தட்டி நின்றது. ஒரு மணி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"தம்பி அளந்தா அளந்ததுதான்" என்றார் அண்ணி. "ஒன்ன கட்டிக்கினதுல மட்டும் கொஞ்சம் ஏமாந்துட்டான்."

"ஏன் அண்ணி?"

"நீ பேசுவேன்னு பாத்தான்."

உளுந்தை மறுபடியும் பானையிலேயே கொட்டி வைத்தோம். விடிந்து புறப்படும்போதுதான் பையில் மாற்ற வேண்டும்.

மறுநாள் காலையில் அண்ணி குளித்துக்கொண்டிருந்தபோது நான் பானையைச் சாய்த்துத் துணிப்பையில் கொட்டினேன். பையின் வாயைக் கட்டினேன். படியை இன்னொரு பையில் போட்டுக்கொண்டேன். நாங்கள் ஏழு மணி பஸ்ஸில் ஏறினோம்.

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் இறங்கி இரண்டு பொட்டலம் பொங்கல் வாங்கினோம். வெள்ளிமலை பஸ் வருவதற்கு நேரம் இருந்தது. நான் சாப்பிட்டு முடித்து இலையை மடிக்கப் போனபோது அண்ணி என் கையைப் பிடித்தார்.

"அத இன்னாத்துக்கு மிச்சம் வெச்ச?"

இலையில் ஒரு வாய் பொங்கல் இருந்தது.

"பழக்கம் அண்ணி."

"சட்டிய தொடைக்க மாட்ட, எலையத் தொடைக்க மாட்ட. அரிசிப் பானையில கூட ஒரு பிடி உட்டு வெப்ப. ஒங்க அம்மா நல்லா பழக்கி வெச்சிருக்குது போ."

அவர் சிரித்தார். எனக்கு முதுகில் தண்ணீர் ஊற்றினாற்போல் ஆகிவிட்டது.

தானியப் பானையைச் சுத்தமாகக் காலி செய்யக் கூடாது என்பது எங்கள் வீடுகளில் பெண்களுக்குச் சின்ன வயதிலேயே பழகிவிடுகிற விஷயம். அடியில் ஒரு பிடியாவது இருக்க வேண்டும். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும். அன்று காலையிலும் என் கை அதைத்தான் செய்திருந்தது. பானையைச் சாய்த்தேன், அடியில் ஒரு பிடி இருக்கும்போதே நிமிர்த்தினேன், தட்டைப் போட்டு மூடினேன். அது இப்போது கண்ணில் தெரிந்தது. ஐந்து படி என்று அளந்த விதையில் ஒரு பிடி வீட்டில் இருக்கிறது. மடியில் இருப்பது ஐந்து படி இல்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வேறு ஒரு நாள் வந்திருக்கலாம். ஆனால் விதையோடு வாசற்படி தாண்டினவர்கள் கோவிலுக்குப் போகாமல் திரும்பினால் அதுவே குறைந்த கணக்குத்தான். அண்ணிக்கு அது தெரியும், எனக்கும் தெரியும். வெள்ளிமலை பஸ் வந்தது, ஏறினோம்.

மலைப்பாதையில் பஸ் வளைந்து வளைந்து ஏறியது. மரவள்ளி மூட்டைக்கும் ஒரு ஆட்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தேன். கீழே வெயில் அடித்தது. பாதி மலை ஏறியதும் மூட்டம் வந்து ஜன்னலை மூடிக்கொண்டது. அண்ணி பக்கத்தில் இருந்த மலைக்காரப் பெண்ணிடம் அவர்கள் வீட்டுக் கதை முழுவதையும் கேட்டு முடித்துவிட்டார். நான் ஒரு பிடி என்றால் படியில் எவ்வளவு ஆழம் இருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். விரல் நகம் அளவாவது இருக்கும். தெரியாமல் போகாது.

வெள்ளிமலையில் இறங்கி ஒரு ஜீப் பிடித்தோம். அது ஒரு ஓடைக்கரை வரைக்கும் போனது. "நாலு மணிக்குத் திரும்ப வரேன், அதுக்குமேல மூட்டத்துல வண்டி ஓட்ட முடியாது" என்று சொல்லிவிட்டு டிரைவர் போய்விட்டார். அங்கிருந்து சாமை போட்ட கொல்லைகளின் நடுவே அரை மணி நேரம் நடந்தோம். கொல்லைகளில் குருவிகள் கத்திக்கொண்டிருந்தன. ஒரு மேட்டைத் தாண்டியதும் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. நின்ற பிறகுதான் அதுவரை கத்திக்கொண்டிருந்தன என்பதே எனக்குத் தெரிந்தது.

கோவில் என்றால் கோபுரம் இல்லை, சுவரும் இல்லை. ஒரு பெரிய பாறை. அதன்மேல் மூன்று பலகைக் கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருந்தார்கள். யார் வைத்தது என்று யாருக்கும் தெரியாது. கீழே ஊர்கள் உண்டாவதற்கு முன்பே அது இருந்தது என்பார்கள். உள்ளே சிலை கிடையாது, இருட்டு மட்டும்தான். பக்கத்தில் ஒரு மரம். அதன் கிளைகளில் தையில் கட்டின கதிர்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. கம்பு, சோளம், நெல், கேழ்வரகு. சில புதுசு. சில கறுத்து, எந்தத் தானியம் என்றே தெரியாத அளவுக்குப் பழசு. காற்று இல்லை. ஆனாலும் அவை உரசிக்கொள்கிற சத்தம் மட்டும் லேசாக வந்துகொண்டிருந்தது.

எனக்கு அதைவிடப் பாறையைச் சுற்றியிருந்த செடிகள்தான் பயமாக இருந்தன. ஒரு வீட்டு வாசல் அளவு மண். அதில் எல்லாப் பயிரும் ஒன்றோடு ஒன்று கலந்து நின்றது. ஒரு சோளத் தட்டு, ஒரு துவரைச் செடி, நாலு நெல், ஒரு எள்ளு. எதற்கும் பருவம் என்று ஒன்று கிடையாது. அப்போதுதான் முளைத்ததும் நின்றது, முற்றித் தலை சாய்ந்ததும் நின்றது. ஒரு கதிர்கூடக் கொறிக்கப்படவில்லை. கம்பங்கதிர் முற்றி நிற்கிற இடத்தில் ஒரு குருவியும் இல்லாததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பூசாரி வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். லுங்கியும் பனியனுமாகக் கொல்லையிலிருந்து நேராக வந்திருந்தார், கையில் மண் இருந்தது.

"செல்போன ஆஃப் பண்ணிடுங்க. போன மாசம் ஒருத்தருக்கு அளக்கும்போது குத்துப்பாட்டு அடிச்சிருச்சு" என்றார்.

"அப்பறம் இன்னா ஆச்சு?" என்றார் அண்ணி.

"இன்னா ஆவும்? ரெண்டாவது படியா மூணாவது படியான்னு மறந்துட்டேன். மறுபடியும் மொதல்லேருந்து அளந்தேன்."

அண்ணி சிரித்தார். எனக்கு அந்த ஆளைப் பார்த்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது. அண்ணி அந்தச் செடிகளைக் காட்டி, "இத யாரு வெதச்சது?" என்று கேட்டார்.

"யாரும் வெதைக்கல. அளக்கறப்ப செதறும் இல்ல, அத பொறுக்கக் கூடாது. அதுவே மொளைக்கும்." அவர் ஓடைத் தண்ணீர் இருந்த குடத்தைச் சாய்த்துக் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "இங்க நிக்கறது எல்லாம் செத்தவங்க கட்டுன வெதை. ஆளுக்கு ஒண்ணு ரெண்டு."

அண்ணி அதற்குப் பிறகு செடிகள் பக்கம் திரும்பவில்லை.

பாறையில் உரல் குழி மாதிரி ஒரு குழி இருந்தது. பூசாரி அதை ஊதிச் சுத்தம் செய்தார். என் பையை வாங்கினார், எங்கள் வீட்டுப் படியை வாங்கினார். "வூட்ல எத்தினி?" என்று கேட்டார்.

"அஞ்சு. தல தட்டி அஞ்சு" என்றார் அண்ணி.

"வெதைக்கப் போறது யாரு?"

அண்ணி என்னைக் காட்டினார்.

"நீங்க இப்படி எதிர்ல ஒக்காருங்கக்கா. அளந்து முடிச்சதும் சரியான்னு கேப்பேன். நீங்கதான் சொல்லணும். மூணு தடவ கேப்பேன். வேற யாரும் பேசக் கூடாது." கடைசி வார்த்தையை அவர் அண்ணியைப் பார்த்துச் சொன்னார்.

அவர் அளக்க ஆரம்பித்தார். லாபம் என்று சொல்லி முதல் படியைக் குழியில் கொட்டினார். இரண்டு, மூன்று, நான்கு. உளுந்து பாறையில் விழுகிற சத்தம் நம் வீட்டுப் பாயில் விழுகிற மாதிரி இல்லை. மழை தகரத்தில் அடிக்கிற மாதிரி இருந்தது, நின்ற பிறகும் கொஞ்ச நேரம் காதில் கேட்டது. சாம்பல் புரட்டின விதை என்பதால் ஒவ்வொரு படிக்கும் லேசாகத் தூசி எழும்பியது. பையில் மிச்சம் இருந்ததைப் பூசாரி ஐந்தாவது படியில் கொட்டினார். நான் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டேன். பையை உதறுகிற சத்தம் கேட்டது. அண்ணி பெருமூச்சு விட்டார்.

கண்ணைத் திறந்தேன். படி நிறைந்திருந்தது.

விளிம்பு வரைக்கும், தலை தட்டி, வீட்டில் நின்ற மாதிரியே நின்றது. ஒரு மணி குறையவில்லை. அண்ணி என் தோளைப் பிடித்து அமுக்கினார். எனக்கும் ஒரு நிமிஷம் அழுகை வந்துவிட்டது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. வீட்டுக்குப் போகலாம்.

"சரியா?" என்றார் பூசாரி.

அப்போதுதான் நான் படியைச் சரியாகப் பார்த்தேன். குழியில் கிடந்த நான்கு படி உளுந்தும் சாம்பல் ஒட்டி வெளுத்து மங்கலாக இருந்தது. படியின் மேல்பாகத்தில், விரல் நகம் அளவு ஆழத்துக்கு, சாம்பலே இல்லை. அப்போதுதான் காயிலிருந்து உதிர்த்தது போலப் பளபளவென்று கறுப்பாக இருந்தது. ஒரு பிடி இருக்கும்.

என் கணவர் சாம்பல் புரட்டும்போது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். முழங்கை வரைக்கும் விட்டு ஐந்து தடவை புரட்டினார். சாம்பல் படாத உளுந்து அந்தப் பானையில் கிடையாது.

"சரியா?" என்று இரண்டாவது முறை கேட்டார்.

எனக்கு நாக்கு எழவில்லை. அது பயத்தாலா, என் வழக்கமான கூச்சத்தாலா என்று எனக்கே தெரியாது. எனக்காக முப்பது வருஷமாக மற்றவர்கள்தான் பேசியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் என் கணவர் பேசுவார். பஞ்சாயத்து ஆபீஸில் அவர் பேசுவார். அவர் இல்லாதபோது அண்ணி பேசுவார். அன்றும் அப்படித்தான் ஆனது.

"சரிதான் சாமி. கண்ணு தெரியுது இல்ல? தல தட்டி நிக்குது" என்றார் அண்ணி.

"ஒங்கள கேக்கல" என்றார் பூசாரி. அவர் குரலில் இப்போது வேடிக்கை இல்லை. அவரும் அந்தக் கறுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தொடவில்லை. மரத்தில் கதிர்கள் உரசுகிற சத்தம் நின்றிருந்தது. என் பின்னால் அந்தச் செடிகள் இருந்தன. யாரோ பதிலுக்காகக் காத்திருக்கும்போது முதுகில் தெரியுமே, அப்படி எனக்குத் தெரிந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"சரியா?" என்று மூன்றாவது முறை கேட்டார்.

"இல்ல" என்றேன்.

அந்த இடத்தில் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "ஒரு பிடி வூட்ல இருக்குது. பானையில. காலி பண்ணக் கூடாதுன்னு பழக்கத்துல உட்டுட்டேன். இது நெறையக் கூடாது. மேல இருக்கறது எங்க உளுந்து இல்ல."

"அடிப்பாவி" என்றார் அண்ணி. சத்தமாகச் சொல்லவில்லை. என் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

பூசாரி ஐந்தாவது படியையும் குழியில் கொட்டினார். கறுப்பு உளுந்து சாம்பல் உளுந்தோடு கலந்துபோனது. எல்லாவற்றையும் மறுபடி பையில் அள்ளி, மறுபடி முதலிலிருந்து அளந்தார். லாபம், இரண்டு, மூன்று, நான்கு. இந்த முறை நான் கண்ணை மூடவில்லை. அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது படியில் பையைக் கவிழ்த்தார், உதறினார், உள்பக்கத்தை வெளியே திருப்பிக் காட்டினார்.

ஒரு பிடி குறைந்தது. விரல் நகம் அளவு ஆழம். படியில் இருந்தது எல்லாமே சாம்பல் நிறம். குழியில் கையை விட்டுக் கிளறிப் பார்த்தேன். ஒரு கறுப்பு மணிகூடக் கிடைக்கவில்லை. பாறையிலும் சிதறியிருக்கவில்லை.

முதல் தடவை எப்படி நிறைந்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. படியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். மூட்டத்தில் அவருக்கு வியர்த்திருந்தது.

"ஒரு பிடி கம்மி" என்றார். "அப்ப தரிசா?" என்று அண்ணி மெதுவாகக் கேட்டார். நான் மனசுக்குள் பெட்டியைக் கட்ட ஆரம்பித்திருந்தேன்.

"எங்க இருக்குதுன்னு தெரியாத பிடிதான் அவரு புடிச்சி வெச்சிருக்கற பிடி. இது எங்க இருக்குதுன்னு இவங்களுக்குத் தெரியுது. இவங்களே ஒத்துக்கினாங்க. தரிசு போட வேணாம்." பிறகு என்னைப் பார்த்தார். "நாளைக்கு வெதைங்கக்கா. ஆனா வூட்ல இருக்கற பிடிய மொதல்ல போடுங்க. ஒங்க கையால. அதுக்கப்பறம்தான் இது."

"சரின்னு சொல்லியிருந்தா?" என்று அண்ணி கேட்டார். அவருக்கு அதைக் கேட்காமல் இருக்க முடியாது.

"சொல்லியிருந்தாலும் நெலம் இவங்களுதுதான். அளவு சரியா இருந்துச்சே." அவர் பாறையைச் சுற்றியிருந்த செடிகளைப் பார்த்தார். "கூட வந்து மொளைக்கறது யாருதுன்னு தெரியாம காலத்துக்கும் அறுத்துக்கினு இருக்கணும். அவ்ளோதான்."

நான் குழியிலும் படியிலும் இருந்த உளுந்தை என் கையால் அள்ளிப் பையில் போட்டேன். ஏழெட்டு மணி சிதறியது, அதைப் பொறுக்கவில்லை. எழுந்து நடக்கும்போது கட்டாயம் அந்தச் செடிகளைத் தாண்டித்தான் போக வேண்டும். ஓரமாக ஒரு உளுந்துச் செடி நின்றது. முற்றிய காய்களில் ஒன்று வெடித்துத் திறந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை, காலியாக இருந்தது. பறவை கொத்தியதாகத் தெரியவில்லை. அண்ணியிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் புலிக்குப் பதிலாக அதைச் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஜீப் காத்திருந்தது. வெள்ளிமலையில் டீ குடித்தோம். பஸ் பாதி மலை இறங்கி வெயில் வந்த பிறகுதான் அண்ணி வாயைத் திறந்தார்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா நீங்க திட்டுவீங்க."

"திட்டத்தான் செய்வேன். பின்ன?" என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "அங்க மட்டும் எப்படிடி வாய் தொறந்துச்சு ஒனக்கு?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். அது பொய். அந்தக் கறுப்பு உளுந்தை யாருடையது என்று தெரியாமல் என் நிலத்தில் போடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. அல்லது, யாருடையது என்று தெரிந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. இரண்டில் எது என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. என் கணவர் எப்போதும் என் கையைப் பிடித்துப் பார்த்துக் கேலி செய்வார். "இந்தக் கையில வெதைச்சா முக்கால் ஏக்கருக்கு மூணு நாளு ஆவும்" என்பார். நான் குறைவாக வைத்த ஒரு பிடியை யாராவது நிறைத்துக் கொடுப்பார்கள் என்றால் அது யாராக இருக்கும்? அப்படி நினைத்தால் அழுகை வந்தது. ஆனால் அந்தப் பாறையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. தெரிந்த மனிதர் பக்கத்தில் வந்தால் அப்படிப் பயம் வருமா என்று எனக்குத் தெரியாது.

வீடு வந்து சேரும்போது விளக்கு வைக்கிற நேரம் தாண்டிவிட்டது. பானையைத் திறக்கப் போன என்னை அண்ணி தடுத்தார். விளக்கு வைத்த பிறகு விதைப் பானையைத் திறக்கக் கூடாது என்றார். அப்படி ஒரு வழக்கம் இருப்பதாக எனக்குத் தெரியாது. அவருக்கும் பயமாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பானையின் மேல் நான் வைத்துவிட்டுப் போன தட்டு அப்படியே இருந்தது. அதன்மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்துவிட்டு இருவரும் அதே அறையில் படுத்துக்கொண்டோம்.

மறுநாள் ஆறு மணிக்கு இருவரும் சேர்ந்து பானையைத் திறந்தோம். நான் விட்டுவைத்தது ஒரு பிடி. இருந்தது என் கைக்கு இரண்டு பிடி. பாதி சாம்பல் ஒட்டியிருந்தது, பாதி கறுப்பாக இருந்தது. கோவிலில் அண்ணி வாங்கி வந்திருந்த நம்பரில் பூசாரிக்குப் போன் செய்தோம், எடுக்கவில்லை. நான் சாம்பல் ஒட்டியதை மட்டும் மணி மணியாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டேன், கறுப்பைப் பானையிலேயே விட்டுவிட்டேன். எட்டு மணிக்கு டிராக்டர் வந்தது. முதலில் அந்தப் பிடியையும் பிறகு மீதியையும் விதைத்தேன். பதினொரு மணிக்குத் தூறல் விழுந்தது. மத்தியானம் மகளுக்குப் போன் செய்து, விதைத்தாயிற்று, வரவில்லை என்று சொன்னேன்.